பத்து வீட்டு நட்சத்திரம்

ஃபாதர் எங்கள் சந்துக்கு எதிரே நின்று தலையை இடது பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு வலது பக்கம் சாய்த்துப் பார்த்தார். கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சொல்ல முடியாதவரின் சங்கடம் அவர் முகத்தில் இருந்தது.

பக்கத்தில் நின்ற கமிட்டிச் செயலாளர் ஸ்டீபனுக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது.

"இன்னா ஃபாதர் இது, ஸ்டாருன்னு சொன்னாங்கோ. கணவா மாரி கீது."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கணவாய் மீன் எப்படி இருக்கும் என்று படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. காலெல்லாம் நீளமாக, கை இரண்டும் தொங்கிப்போய் இருக்கும்.

நான் ஓரமாகக் கைத்தடியை ஊன்றி நின்றிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் முந்தின நாள் சாயங்காலம் அதே இடத்திலிருந்து நான் பார்த்தபோது அது நட்சத்திரமாகத்தான் இருந்தது. என் இரண்டு கண்ணால் பார்த்தேன். ஒரே இரவில் அது எப்படிக் கணவாய் ஆனது?

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் சந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தண்ணீர் லாரிச் சட்டம்

ராயபுரத்தில் பெரிய தெரு ஒன்றின் நடுவில், ஒரு சோடாக் கடைக்கு எதிரே, ஆள் கவனிக்காமல் தாண்டிப் போய்விடும்படி ஒரு பிளவு இருக்கிறது. அதுதான் எங்கள் முட்டுச் சந்து. எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். மொத்தம் பத்து வீடு. கடைசியில் சந்தை அடைத்துக்கொண்டு மூன்று மாடியில் நிற்பது செல்லதுரை அண்ணாச்சி வீடு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மளிகைக் கடை வைத்தவர். மற்ற ஒன்பது வீட்டிலும் ஹார்பர், ரயில்வே, மீன் ஏலம் என்று ஏதாவது ஒன்றில் ஆள் இருக்கும். நானே ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவள்தான். என் வீட்டுக்காரர் அந்தோணி ஹார்பரில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டியவர்.

எங்கள் சந்தில் ஒரு சட்டம் உண்டு. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு அடித்துக்கொண்ட காலத்தில் வந்த சட்டம். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு. குழந்தைகள் அதிகம் உள்ள வீடு, தனி ஆள் வீடு என்ற பேச்சே கிடையாது. அந்தச் சட்டம் வந்த பிறகுதான் மண்டை உடைவது நின்றது. அதனால் குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் சட்டத்தை நாங்கள் விடவில்லை. கிறிஸ்துமஸ் கேக்கோ, அண்ணாச்சி வீட்டுப் பொங்கல் கரும்போ, எதுவானாலும் ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி பத்துப் பங்கு. ஒரு தடவை பிரியாணியில் ஒரு வீட்டுக்கு எலும்பு கூடிப்போய் ஈஸ்டர் வரை இரண்டு குடும்பம் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் மாதா கோயிலில் ஒவ்வொரு டிசம்பரும் தெருக்களுக்குள் நட்சத்திரப் போட்டி நடக்கும். ஜெயிக்கிற தெருவின் பெயரைக் கோயில் முகப்பில் ஒரு வருஷம் எழுதி வைப்பார்கள். பெரிய தெருக்காரர்கள் மூங்கிலில் மாடி உயரத்துக்குக் கட்டி, மோட்டார் வைத்துச் சுற்ற விடுவார்கள். எங்கள் சந்திலோ குடையைவிடப் பெரியதாக எதைக் கட்டினாலும் யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலைச் சாத்த முடியாது. வருஷா வருஷம் ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா வாங்கி வருவோம்.

அந்த வருஷம் கோயில் கமிட்டி ஒரு முடிவு எடுத்தது. சின்னச் சந்துகளை அடுத்த வருஷத்திலிருந்து பக்கத்துப் பெரிய தெருக்களோடு சேர்த்துவிடுவது.

பெரிய தெருக்காரரான ஸ்டீபன் வந்து சொல்லிவிட்டுப் போனார். "இந்த வாட்டி பிரைஸ் அடிச்சீங்கன்னா தனியாவே இருங்கோ. இல்லாங்காட்டி நம்மளாண்ட வந்துருங்கோ. அல்லாம் ஒண்ணுதானே."

எல்லாம் ஒன்று இல்லை. தபாலில் எங்கள் விலாசமே 'பெரிய தெரு பின்புறம்' என்றுதான் வரும். ஒரு சோப்பு டப்பாவாவது எங்கள் சந்தின் பெயரில் வந்தது. இனி அதுவும் இல்லை என்றால் எங்களுக்கு என்று ஊரில் என்ன இருக்கிறது? அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

அரை மணி நேர எண்ணூர்

அந்த வருஷம் எனக்கு நடந்த முட்டி ஆபரேஷன் கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் படுக்கை. சீரியல் பார்த்து அழுகிற பொறுமை எனக்கு இல்லை. செல்போனில் எதையோ தேடப்போய் வானத்தைப் பற்றிய பாடம் ஒன்று மாட்டியது. ஒன்று இரண்டாகி, இரண்டு இருபதாகி, மாத்திரை நேரம் மறந்து கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் எனக்குப் பிடிபட்டது ஒளியாண்டுதான். பெயரில் ஆண்டு இருந்தாலும் அது காலம் இல்லை, தூரம். ஒளி ஒரு வருஷத்தில் ஓடிப்போகிற தூரம். நிறையப் பேர் இதில் தடுமாறுவார்கள் என்று அந்தப் பாடம் சொன்னது. நான் தடுமாறவில்லை. கவுண்டரில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், எண்ணூர் எவ்வளவு தூரம் என்று. ஒருநாளாவது கிலோமீட்டரில் பதில் சொன்னேனா? அரை மணி நேரம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அப்படிப் பார்த்தால் சூரியன் எட்டு நிமிஷத் தூரம். அதற்கு அடுத்த நட்சத்திரம் நாலு வருஷத்துக்கும் மேலே. நடுவில் ஒரு ஸ்டேஷன் கூட இல்லை.

சூரியனும் ஒரு நட்சத்திரம்தான் என்று தெரிந்த அன்று கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இத்தனை வெளிச்சமும் பக்கத்தில் இருப்பதால் வந்த கெத்துதான். தூரத்தில் புள்ளியாக மினுக்குகிறவற்றில் எத்தனையோ நம் சூரியனைத் தூக்கி விழுங்கிவிடும். திருவாதிரை என்கிற சிவப்பு நட்சத்திரத்தைக் கொண்டுவந்து சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் பூமி அதன் வயிற்றுக்குள் இருக்குமாம்.

இன்னொன்று பால்வீதி. நம் சூரியனையும் சேர்த்துக் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் தோசைபோலத் தட்டையாகச் சுற்றுகிற கூட்டம் அது. அந்த மாதிரிக் கூட்டங்களே பிரபஞ்சத்தில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் நம்முடைய கூட்டத்தை வெளியே நின்று பார்த்த மனுஷர் ஒருவரும் இல்லை. நாம் உள்ளே குடியிருக்கிறோம். அதனால் நமக்கு அது வானத்தில் ஒரு வெள்ளைப் பட்டையாகத்தான் தெரியும். அதுவும் ஹார்பர் விளக்கு வெளிச்சத்தில் எங்கள் ஏரியாவில் தெரியாது.

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் வீட்டுக்காரரை மொட்டை மாடிக்கு இழுத்துப் போய்க் கிழக்கே காட்டினேன். தோள், இடுப்பு, கால் என்று ஒரு வேட்டைக்காரன் உருவம். திருவாதிரை அவன் தோள். இடுப்பில் வரிசையாக மூன்று.

"அல்லாம் ஒரே போர்டுல ஆணி அடிச்சா மாரி கீது," என்றார் அவர்.

"இல்ல. அந்தத் தோளு முன்னால கீது. இடுப்பு மூணும் அதுக்கு ரொம்பப் பின்னால. நாம நிக்கிற எடத்துலேர்ந்து பாக்க சொல்ல ஆளு மாரி தெரியுது. வேற எங்கனா போய் நின்னா ஆளே கிடையாது."

சொல்லி முடித்த வாயோடு கீழே எட்டிப் பார்த்தேன். எங்கள் சந்து நீளமாக, இருட்டாக, ஒடுக்கமாகக் கிடந்தது. அகலம் இல்லாத சந்து. ஆனால் ஆழம் இருக்கிற சந்து. பெரிய தெருவில் யாருக்கும் இல்லாத ஆழம்.

அந்த இடத்திலேயே எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

சீரோ வாட்ஸ் சண்டை

யோசனை இதுதான். ஐந்து முனை நட்சத்திரத்துக்கு வெளியே ஐந்து மூலை, உள்ளே ஐந்து மூலை. ஆக மொத்தம் பத்து. வீடும் பத்து. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு விளக்கு. கால் முனைகள் சந்து வாசலில் உள்ள இரண்டு வீட்டில். கை முனைகள் அடுத்த இரண்டு வீட்டின் மாடியில். உள் மூலைகள் நடுவில் இருக்கிற வீடுகளில். உச்சி முனை அண்ணாச்சி வீட்டு மூன்றாவது மாடித் தண்ணீர்த் தொட்டி மேல். உள்ளே நடந்தால் பத்து விளக்குதான் தெரியும். எதிரே சோடாக் கடை வாசலில் வந்து நின்றால் பத்தும் சேர்ந்து, கோலப் புள்ளியைக் கண் இணைத்துக்கொள்வதுபோல, மாடி உயர நட்சத்திரம்.

முட்டி வலிக்காக நான் சோடாக் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றில் ஸ்கெட்ச் பேனாவால் நட்சத்திரம் வரைந்து, கண்ணுக்கு முன்னால் ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். சந்துக்குள் ஏணியில் சேவியர் நிற்பான். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிற இடத்தில் எலக்ட்ரீஷியன். முதல் வீட்டு பிலோமினாவின் புருஷன்.

"இன்னும் மேல. வலது பக்கம். போதும், அங்கயே கட்டு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் இது ஓடியது. இருட்ட ஆரம்பித்ததும் ஸ்விட்சைப் போட்டோம். சட்டப்படி எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு பல்பு.

நட்சத்திரத்துக்குக் கால் மட்டும் பளபளவென்று எரிந்தது. கை மங்கலாக இருந்தது. தலையைக் காணவே காணோம்.

இதை நான் பாடத்தில் கேட்டிருந்தேன். சட்டத்தின் பழக்கத்தில் கோட்டை விட்டுவிட்டேன். விளக்கு இரண்டு மடங்கு தூரம் போனால் வெளிச்சம் பாதி ஆவதில்லை, கால்வாசியாகிறது. மூன்று மடங்கு போனால் ஒன்பதில் ஒரு பங்கு. வாசல் வீட்டைப்போல எட்டு மடங்கு தள்ளி இருக்கிறது அண்ணாச்சி வீடு. அவர் வீட்டு விளக்கு எட்டு மடங்கு பெரியதாக இருந்தால் போதாது. எட்டெட்டு அறுபத்துநான்கு மடங்கு வேண்டும்.

மறுநாள் சவுண்ட் சர்வீஸ் கடையிலிருந்து அண்ணாச்சி வீட்டுக்கு ஒரு பெரிய ஃபோகஸ் லைட் வந்து இறங்கியது. பிலோமினா வீட்டுக்கு நான் கொடுத்தது ஒரு சீரோ வாட்ஸ் பல்பு.

பிலோமினா மீன் ஏலத்தில் நின்று பழகியவள். அவள் பேசினால் சந்து முழுக்க ஜன்னல் திறக்கும்.

"இன்னாக்கா நினைச்சுகினு கீற? எனக்கு இத்துனூண்டு கொட்டைப்பாக்கு, அண்ணாச்சிக்கு கிரிக்கெட் மேட்ச் லைட்டா? அவரு வூட்ல மட்டும் ஏசு பொறக்கப் போறாரா?"

"தூரம் பிலோ. அவரு வூடு தூரமா கீது."

"தூரமா கீதுன்னு அன்னைக்கு அவருக்கு ரெண்டு கொடம் தண்ணி எக்ஸ்ட்ரா குட்த்தோமா? எங்க அம்மா இந்தச் சந்துல சட்டைய கிழிச்சுகினு வாங்கின சட்டம்க்கா இது. நீ வானத்தைப் பார்த்துகினு வந்து மாத்துவியா?"

அவள் அம்மா உண்மையிலேயே அந்தச் சண்டையில் கை உடைந்தவர்.

அண்ணாச்சியே இறங்கி வந்துவிட்டார். "நமக்கு இந்தப் பெரிய வெளக்கு வேண்டாம் தாயி. அந்தப் பிள்ள சொல்லுததும் நியாயந்தான? வெளக்குக்காக நாளைக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்க முடியுமா?"

போட்டிக்கு மூன்று நாள்தான் இருந்தது. நான் பிலோமினாவின் கையைப் பிடித்துச் சோடாக் கடை வாசலுக்கு இழுத்துப் போனேன். சேவியரிடம் அவர்கள் வீட்டுச் சீரோ வாட்ஸைக் கொடுத்து, ஒயரோடு அண்ணாச்சி வீட்டு மாடிக்கு அனுப்பினேன்.

"உன் வூட்டு லைட்டுதான். கண்ண எடுக்காம பாத்துகினே இரு."

சேவியர் மேலே போய் எரிய வைத்தான். பிலோமினா கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தேடினாள். பல்பு எங்கே என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"அல்லாருக்கும் ஒரே அளவு குடுத்தா, வாசல் வூட்டுக்காரி மட்டும் தெரிவா. அண்ணாச்சி காணாமப் பூடுவாரு. அதுவா சட்டம்? இங்க வந்து நின்னு பாக்க சொல்ல அல்லாம் ஒண்ணா தெரியணும். அதுக்குத்தான் அளவ மாத்துறேன்."

அவள் மாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள்.

"செரி. ஆனா இங்க நின்னு பாக்க சொல்ல எங்க வூட்டு லைட்டு ஒரு பொட்டு கம்மியா தெரிஞ்சுது, அந்த நிமிஷமே கயட்டிப் போட்டுருவேன். சொல்ட்டேன்."

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் பத்து விளக்கும் எரிந்தன. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அப்படி ஒரு நட்சத்திரத்தை என் ஆயுசில் பார்த்ததில்லை. எங்கே கண் பட்டுவிடுமோ என்று உடனே அணைக்கச் சொல்லிவிட்டேன். பிலோமினா ஏலத்துக்குப் போயிருந்ததால் பார்க்கவில்லை.

கட்டைவிரல் கணக்கு

இப்போது மறுபடியும் ஃபாதரிடம் வருகிறேன்.

"கணவா" என்று ஸ்டீபன் சொன்னதும் வேலை முடிந்த மாதிரி எல்லோரும் நகரப் பார்த்தார்கள். சந்துக்குள் பத்து வீட்டு ஆட்களும் மூச்சுப் பிடித்து நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே நிற்கும் அவர்களுக்கு எதுவும் தெரியாது. அவர்கள் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். சோப்பு டப்பா கூட இல்லாமல் போகப்போகிறது, அதற்குக் காரணம் நான்.

சேவியர் ஏதாவது விளக்கை நகர்த்திவிட்டானா? இல்லை, எல்லாம் கட்டின இடத்தில்தான் இருந்தன. அப்படியானால் மாறியது எது?

நாற்காலியைக் காணோம்.

பாட்டு நிகழ்ச்சிக்காகக் கோயில் மைதானத்துக்கு ஏரியாவில் இருந்த எல்லா நாற்காலியையும் மத்தியானமே அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். என்னுடையதும் அதில் போய்விட்டது. நான் உட்கார்ந்து பார்த்துக் கட்டிய நட்சத்திரம் அது. அதே இடத்தில் ஃபாதர் நின்றுகொண்டிருக்கிறார். புதிதாக வந்தவர், ஆறடிக்கும் மேல் உயரம்.

கட்டைவிரலைக் கண்ணுக்கு முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் தாவும். தூரத்துச் சுவர் அசையாது. பார்க்கிற இடம் நகர்ந்தால் பக்கத்தில் இருப்பது அதிகம் நகரும், தூரத்தில் இருப்பது கொஞ்சமாக நகரும். இதை வைத்துத்தான் நட்சத்திரங்களின் தூரத்தையே அளக்கிறார்கள். பூமி சூரியனுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனதும் ஒரு தடவை பார்த்து, எது எவ்வளவு தாவியது என்று கணக்குப் போடுவார்கள். ஃபாதரின் கண் என் கண்ணைவிட மேலே போனதும், பக்கத்தில் இருந்த கால் விளக்குகள் கீழே இறங்கிவிட்டன. அண்ணாச்சி வீட்டு உச்சி விளக்கு அசையவே இல்லை. அதுதான் கணவாய்.

"ஃபாதர்," என்றேன். என் குரல் எனக்கே பெரியதாகக் கேட்டது. "கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

அவர் மரியாதைக்குக் குனிந்தார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "கால் மேல ஏறுதே."

"இன்னும் குனிங்க ஃபாதர்."

"இதுக்கு மேல குனிஞ்சா விழுந்துடுவேம்மா."

"அப்ப முட்டி போடுங்க."

ஸ்டீபனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாக்கா, ரோட்ல சாமியாரப் போய் முட்டி போட சொல்ற? கொஞ்சமாச்சும் மரியாத வேணாம்?"

அதற்குள் அண்ணாச்சி தன் கடைக் கோணி ஒன்றை மடித்துக்கொண்டு ஓடி வந்து தரையில் போட்டார். காலையில் பெய்த மழை இன்னும் காயவில்லை. ஃபாதர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு வெள்ளை அங்கியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, சோடாக் கடை வாசலில், மண்டியிட்டார்.

மண்டியிட்டவர் கையை மட்டும் பின்னால் நீட்டி ஸ்டீபனின் வேட்டியைப் பிடித்துக் கீழே இழுத்தார். ஸ்டீபன் விழுந்த மாதிரி உட்கார்ந்து முட்டி போட்டார்.

"அட," என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது.

மற்ற கமிட்டிக்காரர்கள், பின்னால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பெரிய தெருப் பெண்கள், எல்லோரும் வரிசையாக இறங்கினார்கள். ஆட்டோ நிறுத்திவிட்டு ஒருவர் வந்து முட்டி போட்டார். மோட்டார் வைத்த நட்சத்திரம் பெரிய தெருக் கோடியில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க ஓர் ஆள் இல்லை.

புது முட்டி மடங்காததால் நான் ஒருத்திதான் நின்றிருந்தேன். எனக்குத் தெரிந்தது கணவாய்தான். ஆனால் அத்தனை பேர் முகத்திலும் நட்சத்திரம் தெரிந்தது.

எது நம்ம வூட்டு லைட்டு

அன்று மைதானத்தில் ஃபாதர் மேடை ஏறியபோது அங்கியில் இரண்டு முட்டியிலும் ஈர வட்டம் இருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. முதல் பரிசு எங்கள் சந்துக்கு. அடுத்த வருஷமும், அதற்கு அடுத்த வருஷமும் அந்தச் சந்து தனிச் சந்துதான் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். சந்து என்றுதான் சொன்னார், பெரிய தெரு பின்புறம் என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் விசிலடித்ததில் பக்கத்தில் இருந்த குழந்தை அழுதுவிட்டது.

கோப்பையோடு திரும்பி வந்தோம். வந்தவர்கள் யாரும் வீட்டுக்குள் போகவில்லை. எல்லோரும் எதிர்ப்பக்கம் போய்ச் சோடாக் கடை வாசலில் முட்டி போட்டார்கள். குடியிருக்கிற இடத்தை முதல் தடவையாக வெளியே இருந்து பார்த்தார்கள். அண்ணாச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டே, "நம்ம வீடா இது," என்று இரண்டு தரம் கேட்டார். சேவியர் எங்கிருந்தோ என் நாற்காலியைத் தேடி எடுத்து வந்து போட்டான். உட்கார்ந்தேன். அது மறுபடி நட்சத்திரமானது.

பிலோமினா கடைசியாக வந்தாள். என் நாற்காலிக்குப் பக்கத்தில் கோணியில் மண்டியிட்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஏலத்தில் மீனைப் பார்க்கிற கண்ணோடு பார்த்தாள். ஒவ்வொரு விளக்காகப் பார்த்தாள். உச்சியைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், மறுபடி உச்சியைப் பார்த்தாள். கழற்றிப் போடுவேன் என்று நீட்டிய விரல் என் ஞாபகத்தில் இருந்தது.

"அக்கா," என்றாள் கடைசியில். "இதுல எது எங்க வூட்டு லைட்டு?"

"நீயே சொல்லு."

மறுபடியும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"தெரியலியே. அல்லாம் ஒரே அளவா கீது."

"ஆமா."

பிலோமினா எழுந்து முட்டியில் ஒட்டிய ஈரத்தைத் தட்டிவிட்டாள். "அப்ப செரி," என்று சொல்லிவிட்டு எங்கள் சந்துக்குள் நடந்து போனாள்.